கஷாயம் குடித்தால் ஜீன் அடங்குமா?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். திருநெல்வேலியில் என் கிளினிக்கில் கடைசி டோக்கன். ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மகளோடு வந்து உட்கார்ந்தார். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே சொல்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்.

மகள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பளபளவென்று பச்சை அட்டை. 'கொழுப்பு ஜீனை அடக்கும் மூலிகை ஆர்.என்.ஏ. சூரணம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 'பக்கவிளைவு அறவே இல்லை' என்று கீழே ஒரு வரி. மாசத்துக்கு 1,800 ரூபாயாம்.

"நாலு மாசமா அப்பா இதைத்தான் சாப்பிடுறாங்க டாக்டர். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்தேன். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 168. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது 70-க்குக் கீழேயாவது இருக்க வேண்டும் என்பார்கள் இதய நோய் டாக்டர்கள்.

"ஏன் அண்ணாச்சி, மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க சொல்லித்தான் ஐயா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பல வருஷத்துக்கு முன்னால மண்டபத்துல பேசினீங்கள்லா? நாம சாப்பிடுற சோத்துல இருக்கிற ஆர்.என்.ஏ. ரத்தத்துல கலந்து ஜீனோட பேசுதுன்னு? நான் முன் வரிசையில உக்காந்து கேட்டேன். அதே சங்கதிதான் இந்தப் பாக்கெட்லயும் போட்டிருக்கு. நம்ம டாக்டர் அன்னிக்கே சொன்னாரேன்னு வாங்கினேன்."

வாசகர்களே, அவர் சொன்னது நிஜம். 2012-ல் நான் அப்படிப் பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். நான் பேசியது தப்பு என்று மறு வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை எந்த மேடையிலும் நான் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

கல்யாண வீட்டுச் சீட்டு

முதலில் இந்த ஆர்.என்.ஏ. சமாசாரம் என்ன என்று பார்த்துவிடுவோம். பயப்பட வேண்டாம், ரொம்ப எளிது.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பலகாரம், எப்படிச் செய்வது என்று எழுதிய பழைய நோட்டு ஒன்று மாடி அலமாரியில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது. அந்த நோட்டை யாரும் அடுப்படிக்குக் கொண்டு போக மாட்டார்கள். தேவையான பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் நகல் எழுதி, கீழே சமையல்காரரிடம் கொடுத்தனுப்புவார்கள். சீட்டைப் பார்த்து அவர் பலகாரம் செய்வார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் நடப்பது இதுதான். மாடி நோட்டுதான் டி.என்.ஏ. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜீன். மனிதனுக்குச் சுமார் 20,000 ஜீன்கள் இருக்கின்றன. நகல் சீட்டின் பெயர் தூது ஆர்.என்.ஏ. அடுப்படியில் தயாராகும் பலகாரம்தான் புரோட்டீன். அளவோடு வந்தால் ஆரோக்கியம். தேவையில்லாத புரோட்டீன் வந்தாலோ, கோணல்மாணலாக வந்தாலோ நோய்.

இப்போது மாடிப்படிக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பெரியவர் நிற்கிறார் என்று வையுங்கள். அவர் கையில் 21 எழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதம். இறங்கி வரும் ஒவ்வொரு சீட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற சீட்டு வந்தால், அங்கேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். சமையல்காரர் கைக்குச் சீட்டே போகவில்லை. பலகாரம் எங்கிருந்து வரும்?

அந்தப் பெரியவர்தான் ஆர்கோநாட் என்கிற புரோட்டீன். அவர் கையில் இருக்கும் துண்டுதான் குட்டி ஆர்.என்.ஏ. நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை 21 முதல் 23 எழுத்து வரையுள்ள துண்டுகளாக நறுக்கித் தருவதற்கு டைசர் என்று இன்னொரு புரோட்டீன் இருக்கிறது. நறுக்கிய துண்டிலும் ரெண்டு இழை இருக்கும். ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைத்தான் ஆர்கோநாட் கையில் வைத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாடியில் இருக்கும் நோட்டை யாரும் தொடவில்லை. ஜீன் அப்படியேதான் இருக்கிறது, அதன் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. "ஜீனையே மாத்திடுவாங்களாமே டாக்டர்?" என்று பயப்படுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வந்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் அடுப்படிக்குப் புதுச் சீட்டை அனுப்புகிறவை. இது சீட்டைக் கிழிக்கிற வேலை. ரெண்டுமே நோட்டின் பக்கம் போவதில்லை.

வெள்ளைப் பூவும் துடித்த புழுவும்

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் என்பவரின் குழு பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்க நினைத்தது. நிறம் தரும் ஜீனையே இன்னொரு பிரதி கூடுதலாகச் செடிக்குள் வைத்தார்கள். நிறம் கூடும் என்றுதானே யாரும் நினைப்போம்? பல செடிகளில் வெள்ளை வெளேரென்று பூத்தது! 1990-ல் இதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள்.

1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்கிற ரெண்டு பேர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில் இன்னொரு அதிசயத்தைப் பார்த்தார்கள். 22 எழுத்தே உள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இன்னொரு ஜீனின் வேலையைக் கட்டுப்படுத்தியது. 'புழுவுக்கு இருந்தால் நமக்கென்ன' என்று பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனித உடம்பிலும் அந்த ரகம் நூற்றுக்கணக்கில் இருப்பது பிறகுதான் தெரியவந்தது. ரெண்டு பேருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1998-ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் அதே புழுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள். தசை ஜீன் ஒன்று வாயடைத்துப் போய், புழு வெடவெடவென்று துடித்தது. ஒற்றை இழையைச் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆக, சீட்டைக் கிழிக்க வைப்பது இரட்டை இழைதான் என்று புரிந்தது. இவர்களுக்கு 2006-ல் நோபல் பரிசு. 2001-ல் மனித செல்லிலும் இந்த வித்தை பலிக்கும் என்று ஜெர்மனியில் தாமஸ் டுஷ்லின் குழு காட்டியது.

மருந்தாவதற்கு 20 வருஷம்

அப்புறம் என்ன, மருந்து உடனே வந்துவிட்டதா என்றால், இல்லை.

வெறும் ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் விட்டால் சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வடித்து வெளியே அனுப்பிவிடும். தப்பித்துப் போனாலும் செல்லின் சுவர் உள்ளே விடாது. இந்த மூன்று தடைகளைத் தாண்டுவதற்குள் பெரிய பெரிய கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்டன. ரோஷ் கம்பெனி 2010-ல் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டது.

2016-ல் இதைவிடப் பெரிய அடி. ரெவுசிரான் என்ற மருந்தை நோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்கிய பிரிவில், வெறும் ஊசி போட்டுக்கொண்ட பிரிவைவிட அதிகம் பேர் இறந்தது தெரிந்ததும், சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். அதை ஊரறியச் சொல்லவும் செய்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

கடைசியில் 2018 ஆகஸ்டில் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் பட்டிசிரான். ஒரு பரம்பரை நோயில், கல்லீரல் செய்யும் ஒரு புரோட்டீன் கோணலாகி நரம்புகளில் படியும். கால் மரத்துப் போகும், நடை தளரும். அந்தப் புரோட்டீனின் சீட்டைக் கிழிக்கிற மருந்து இது. 225 பேரிடம் 18 மாதம் சோதித்து, பலன் உண்டு என்று பார்த்த பிறகுதான் அனுமதித்தார்கள். அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை வருஷத்துக்கு 4,50,000 டாலர். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது.

2020-ல் லுமாசிரான் வந்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஆக்சலேட் அதிகமாகச் சுரந்து சிறுநீரகத்தில் கல் கல்லாகச் சேரும். அந்த அபூர்வ நோய்க்கு உரியது. எல்லாக் கல்லடைப்புக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் அண்ணாச்சி கதைக்குச் சம்பந்தப்பட்டது இன்கிளிசிரான். கல்லீரல் செல்லின் மேலே கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'கைகள்' உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்கிற புரோட்டீன் அந்தக் கைகளை அழித்துக்கொண்டே இருக்கும். இன்கிளிசிரான் அந்தப் புரோட்டீனின் சீட்டைக் கிழிக்கிறது. கைகள் பிழைக்கின்றன, கொழுப்பு ரத்தத்திலிருந்து இறங்குகிறது. எல்.டி.எல். ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முதலில் ஒரு ஊசி, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2021-லும் அனுமதி கிடைத்து, இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

இந்த ஊசியில் இருக்கும் ஆர்.என்.ஏ. சும்மா வந்ததல்ல. சிதையாதபடி அதன் எழுத்துகளை ரசாயன முறையில் பலப்படுத்தியிருக்கிறார்கள். அதோடு ஒரு வகைச் சர்க்கரையைக் கோர்த்திருக்கிறார்கள். கடிதத்தில் எழுதிய விலாசம் மாதிரி, அந்தச் சர்க்கரையைப் பார்த்துக் கல்லீரல் செல் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். இப்போதுள்ள மருந்துகள் பெரும்பாலும் கல்லீரலைக் குறிவைத்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். மூளைக்கும் நுரையீரலுக்கும் இப்படி விலாசம் எழுதுவது இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி போடுகிற டாக்டர்களும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. பெரும்பாலும், மாத்திரை போட்டும் கொழுப்பு இறங்காதவர்களுக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்தான் ஊசி. நிஜமான ஆர்.என்.ஏ. மருந்துக்கே இதுதான் நிலை. பாக்கெட் சூரணத்தை நம்பி அண்ணாச்சி மாத்திரையை விட்டுவிட்டார்!

அரிசியும் நானும்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அரிசியிலுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. சாப்பாடு வழியாக மனித ரத்தத்துக்குள் போகிறது என்றும், எலியின் கல்லீரலில் ஒரு ஜீனை அடக்குகிறது என்றும் எழுதியது. 2012-ல் அந்தச் செய்தியைப் படித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து 'உங்க மருந்துக்கு ஆதாரம் எங்கே?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்த மனசு. 'உணவே மருந்து என்று நம் சித்தர்கள் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது!' என்று மேடையில் முழங்கினேன்.

அதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஆராய்ச்சி சொன்னதே, அரிசி ஆர்.என்.ஏ.வால் கெட்ட கொழுப்பு ரத்தத்தில் *தங்கிவிடுகிறது* என்றுதான்! எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடிக்காத பாதியை விழுங்கிவிட்டேன்.

2013-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். எலிகளின் ரத்தத்தில் ஏறிய கொழுப்புக்கு, தீவனத்தின் சத்து மாறியதே காரணமாக இருக்கலாம் என்று ஒரு குழு சொன்னது. அந்தக் குழுவில் விதை வியாபாரக் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள், ஆகவே சந்தேகப்பட இடமுண்டு. ஆனால் அதில் சம்பந்தப்படாத அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள், குரங்குகளுக்குத் தாவர உணவு கொடுத்துப் பார்த்தபோதும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஒன்றும் தேறவில்லை. சீனக் குழு தன் கட்சியை விடவில்லை. 2015-ல் ஒரு மூலிகைக் கஷாயத்தைப் பற்றியும் எழுதியது. ஆனாலும் கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஒரு மனிதனின் நோயைக் கஷாயத்தில் உள்ள ஆர்.என்.ஏ. தீர்த்தது என்று காட்டியவர் இன்றுவரை யாரும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணமும் புரியும். இட்லி, கீரை, முட்டை எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது. காலம் காலமாகத் தின்றுகொண்டுதானே இருக்கிறோம்? வயிறும் குடலும் அதைத் துண்டு துண்டாக்கிச் செரித்துவிடுகின்றன. அப்படிச் செரிக்காவிட்டால், அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்ட அன்றெல்லாம் நம் ஜீன்கள் ஒன்றொன்றாக வாயடைத்துப் போயிருக்குமே!

பாக்கெட்டில் இன்னொரு முரண்பாட்டையும் கவனித்தீர்களா? 'ஜீனை அடக்கும்' என்று ஒரு வரி, 'பக்கவிளைவு அறவே இல்லை' என்று மறு வரி. நிஜமாகவே ஜீனை அடக்குகிற மருந்தென்றால் பக்கவிளைவு இல்லாமல் இருக்க முடியாது. 2016-ல் பாதியில் நின்றுபோன அந்தச் சோதனை சொன்ன பாடம் அதுதானே?

இரவல் சட்டை எதற்கு?

இப்படி எழுதினால் என் சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். "நம்ம ஆளே நம்மைக் காட்டிக் கொடுக்கலாமா?" என்பார்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒரு பதில்.

சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக இருக்கும் மருந்து. 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பதிவு செய்தார்கள். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் வக்கீல், தன் நோயாளிகளிடம் கண்ட பலனை ஒரு பிரிட்டிஷ் இதயநோய்ப் பத்திரிகையில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மன அழுத்தம் உள்ளிட்ட அதன் பக்கவிளைவுகளும் பின்னாடியே தெரியவந்தன. நம் வேர் உலகம் சுற்றியது அளந்து காட்டியதால்தான். அன்றைக்குப் புதிதாக வந்த ஒரு விஞ்ஞான வார்த்தையை யாரும் அதன் மேல் ஒட்டவில்லை.

பெட்டூனியா வெள்ளையாகப் பூத்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1990-ல் பார்த்ததற்குக் காரணம் 1998-ல் புரிந்தது, மருந்தாக 2018-ல் வந்தது. இடையில் தோற்றதையும் மறைக்காமல் சொன்னார்கள். நம்முடைய சூரணத்தையும் லேகியத்தையும் அதே மாதிரி நிறுத்துப் பார்ப்போம். பலன் இருந்தால் 'இருக்கிறது' என்போம். இல்லையென்றால் 'இல்லை' என்போம். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

"நாளைக்கே அது நிரூபணமாகிவிட்டால்?" என்று கேட்கலாம். நாளைக்கு நிரூபணமானால் நாளைக்குச் சொல்வோம். இன்றைக்கே சொல்லிக் காசு வாங்குவது வைத்தியமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

வாசகர்களே, 'ஜீன்', 'ஆர்.என்.ஏ.', 'ஸ்டெம் செல்' என்று அட்டையில் போட்ட பொடியோ, சொட்டு மருந்தோ யாராவது கொண்டு வந்து நீட்டினால், வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

எந்த ஜீனை அடக்குகிறது? பெயர் சொல்ல வேண்டும்.

எத்தனை மனிதர்களிடம், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்? 'ஆயிரக்கணக்கானோர் பயன்' என்பது பதிலாகாது.

இதைச் சாப்பிடுவது என் டாக்டருக்குத் தெரியலாமா? 'அவர்கிட்ட சொல்ல வேண்டாம்' என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்து மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சித்த மருந்துக்கும் அந்தச் சட்டம் உண்டு. அப்படி ஒரு அட்டையைப் பார்த்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தாராளமாகப் புகார் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் தங்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு சித்த வைத்தியன் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

அன்றைக்கு அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடையில நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்காம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி ஐயா, மாத்திரையைப் போடுதேன்" என்றார். மறுநாளே மகள் அவரை இதய டாக்டரிடம் கூட்டிப் போனார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எல்.டி.எல். 82. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முழங்கால் வலிக்கு இப்போதும் என்னிடம் தைலம் வாங்கிக்கொள்கிறார். கொழுப்புக்கு அங்கே போகிறார். அதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.